ரப்பர் மரத்தின் தலை

ரப்பர் மரத்துக்குத் தொப்பி வைப்பது பூங்கனியின் முன்னோர் காலங்காலமாகச் செய்துவந்த முறை என்று மையம் அறிவித்தது. பூங்கனியின் முன்னோரில் ஒருவர்கூட ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவள் அப்பன் குவாரியில் கல் உடைத்தவர். அவருடைய அப்பன் விளவங்கோட்டுப் பக்கம் பனையேறியவர். ரப்பர் கப்பலில் வந்திறங்கிய மரம் என்பது தோட்டத்தில் சிந்திக் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்குகிற எல்லோருக்கும் தெரியும். மையத்துக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் அறிக்கையில் அதற்கு இடமில்லை.

மையத்தின் முழுப்பெயர் 'மரபறிவுவழிக் காலநிலைத் தகவமைப்பு மையம்'. தக்கலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கிராம மக்களிடம் உள்ள பழைய அறிவைத் தோண்டியெடுத்துப் பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பது அதன் வேலை. வாழை, மீன், தேன் என்று மற்றவர்கள் ஏற்கெனவே தோண்டிவிட்டிருந்தார்கள். மிச்சம் கிடந்தது ரப்பர். அப்படித்தான் அவர்கள் கீரிப்பாறையைத் தாண்டி, எஸ்டேட் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கும் செம்மண்குழித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பூங்கனி அங்கே தற்காலிகப் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் மரப்பட்டையில் கத்தி வைத்துக் கீறினால் பால் வடிந்து சிரட்டையில் விழும். வெயில் ஏறுமுன் அதை வாளியில் சேகரித்து எடைபோடும் இடத்தில் கொடுத்தால் அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் பேர் விழும். மழை பெய்தால் தண்ணீர் மரத்தில் வழிந்து வெட்டில் இறங்கி, சிரட்டையில் கிடக்கும் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைக் கொசுவம் வைத்துச் சுற்றித் தாரால் ஒட்டுவார்கள். பேர் ரெயின்கார்டு. பார்க்க மரம் பாவாடை கட்டியதுபோல இருக்கும். பட்டை காய்ந்து கிடக்கும்போது ஒட்டினால்தான் பிடிக்கும். முன்பெல்லாம் வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஒட்டினால் போதும். இப்போது மழைக்கு மாசமே கிடையாது. மாசியிலும் கொட்டுகிறது, சித்திரையிலும் கொட்டுகிறது.

தோட்டத்தில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து இரண்டு வாரம் பேர் விழாமல் போனால் தற்காலிகத் தொழிலாளியின் தொடர்ச்சி அறுந்துவிடும். அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பூங்கனிக்கு ஒவ்வொரு வருடமும் மழையில்தான் அறுந்தது. ரெயின்கார்டு எப்போதும் மழைக்குப் பிறகே வரும். இந்த வருடம் அறுபடாமல் இடவத்தைத் தாண்டினால் வேலை நிரந்தரம் என்று நிர்வாகம் வாய்விட்டுச் சொல்லியிருந்தது. அதிசயமாக பிளாஸ்டிக் சுருளும் தார் டின்னும் மாசியிலேயே வந்து ஸ்டோரில் இறங்கிவிட்டன. பூங்கனி ஸ்டோர் ஜன்னல் வழியாகத் தினமும் எட்டிப்பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

மையத்திலிருந்து வந்த ஆய்வாளர் லிஜா என்கிற பெண். படித்த, மரியாதையான பெண். அவள் வந்த நேரம்தான் சரியில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நூற்றுக்கணக்கான சிரட்டைகளில் பால் நிறைந்து கிடந்தது. பூங்கனி வாளியோடு மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தாள். லிஜா ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியபடி பின்னால் ஓடினாள். மழை வரப்போவதை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டாள். பூங்கனி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அதை உள்ளே வைத்துவிட்டு இயற்கையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள் லிஜா. பூங்கனி எரிச்சலில் வானத்தைப் பார்த்தாள். அதைப் படமெடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது, மழையிலிருந்து மரத்தைக் காக்க உங்கள் முன்னோர் என்ன செய்தார்கள் என்ற கேள்வி. ரெயின்கார்டைச் சொன்னாள். அது பிளாஸ்டிக், மரபு ஆகாது, அதற்கு முன்னால் என்றாள் லிஜா. ஒன்றுமில்லை என்றாள் பூங்கனி. ஒன்றுமில்லாமல் இருக்காது, நன்றாக யோசியுங்கள் என்றாள் லிஜா. முதல் துளி பூங்கனியின் கழுத்தில் விழுந்தது.

"கமுகம்பாளையில தொப்பி தச்சு மரத்துக்க தலையில வைப்போம். நெத்தியில பொட்டும் தொட்டு வைப்போம். போருமா? வழிய விடும் மக்களே."

போதும் என்று லிஜா நன்றி சொன்னாள்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. பூங்கனி வெட்டும் பிளாக்கும் அதை ஒட்டிய பிளாக்குகளும் 'மரபறிவு மாதிரிப் பகுதி'. அதற்குள் பிளாஸ்டிக் நுழையக்கூடாது. தோட்ட நிர்வாகத்துக்கு இதில் வருத்தமில்லை. ஒட்டுக்கூலி மிச்சம், பேப்பரில் பேரும் வரும். சூப்பர்வைசர் ராஜகுமார் ஸ்டோருக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டார். பூங்கனி போய்க் கேட்டாள்.

"நான் என்ன செய்ய பூங்கனி? சாவி எனக்க கையில இருக்கு. பூட்டு அவியளுக்க."

மையத்துக்கு முன்னால் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தொப்பியைத் தலையில் வைக்கவேண்டும், சரி. ரப்பர் மரத்துக்குத் தலை எது? உச்சிதான் என்றார் ஒரு நிபுணர். வேர்தான் மரத்தின் வாய், ஆகவே தலை மண்ணுக்குள் இருக்கிறது என்றார் இன்னொருவர். குழு அமைத்தார்கள். நாகர்கோவிலில் ஏசி அறையில் நாள் முழுக்கக் கூட்டம். மாலையில் முடிவு வந்தது: தலை என்பது உயிரியல் சார்ந்ததல்ல, பண்பாடு சார்ந்தது, மரபறிவாளரின் தலை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே மரத்தின் தலை. ஒரு ஜீப்பில் ஆள் வந்து பூங்கனியைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்துகொண்டு போனான். அவள் செருப்பைக் கழற்றவில்லை. தோட்டத்து மரங்களின் தலை அந்தச் செருப்பின் கனத்துக்கு உயர்ந்தது.

அத்தனை மரத்துக்கும் தொப்பி தைக்கக் கமுகம்பாளைக்கு எங்கே போவது? டெண்டர் விட்டார்கள். குறைந்த விலைக்குக் கேட்டவர் கல்யாண வீடுகளுக்குப் பாக்குமட்டைத் தட்டு அனுப்புகிறவர். லாரி வந்தது. சோறு போடும் தட்டுகள், ஓரத்தில் குழம்பு ஓடாமலிருக்க வளைவு வைத்தவை. ஒவ்வொரு தட்டும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உறையைப் பிரித்துத் தட்டை மட்டும் பகுதிக்குள் கொண்டுபோக வேண்டும் என்று அறிவுறுத்தல். ஆற்றைக் கடக்கும் கயிற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் உறைகள் மலைபோலக் குவிந்தன. தட்டைக் கயிற்றால் மரத்தில் கட்டினார்கள். தாரும் ஆணியும் மரபில் இல்லை.

பக்கத்துப் பிளாக்கில் வெட்டும் தாணம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "பந்திக்கு இருந்த மாதிரி இருக்குட்டி. சோறு போடுவாவளோன்னு தட்டை வச்சிட்டு நிக்குது மரம்."

பிறகு பொட்டு. பொட்டு என்பது நுண்ணுயிர் எதிர்ப்புத் தன்மைகொண்ட குறியீட்டு வேதியியல் என்று கையேடு அச்சாகியிருந்தது. வெட்டுக்கு ஒரு சாண் மேலே ஒவ்வொரு மரத்திலும் குங்குமம் அப்பினார்கள். தோட்டத்து சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை இது சரியா என்று கேட்டார். கிறிஸ்தவத் தொழிலாளிகள் வெட்டும் மரங்களுக்கு வெள்ளைப் பொட்டு வைத்துச் சமாதானம் செய்தார்கள்.

சித்திரையில் ஒரு மழை. தண்ணீர் தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சுகமாக இறங்கி, குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு, வெட்டு வழியாகச் சிரட்டைக்குள் போனது. அன்றைய பாலை உறையவைத்து ஷீட் அடித்தபோது ரோஸ் நிறத்தில் வந்தது. ஆலைக்காரர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். மையத்தின் இயக்குநர் டாக்டர் அனில்குமார் மறுநாளே நேரில் வந்தார். ஒரு ஷீட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து நிருபர்களிடம் பேசினார்.

"உலகத்தில் எங்கும் இல்லாத காலநிலை ரப்பர் இது. நிறம் மாறியிருக்கிறது என்றால் நம் தலையீடு வேலை செய்கிறது என்று பொருள். பழைய நிறத்திலேயே வந்திருந்தால்தான் நாங்கள் கவலைப்பட்டிருப்போம்."

பாதிப் பால் ஆற்றில் போனதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பூங்கனிக்கு ராத்திரி உறக்கமில்லை, பகலில் இருப்புக்கொள்ளவில்லை. மழை பெய்த நாளெல்லாம் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளெல்லாம் பேர் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. இடவப்பாதி தொடங்கினால் ஒரேயடியாக நிற்கும். சொன்னதைத் திரும்ப வாங்கிவிடுவதென்று தீர்மானித்துத் தக்கலைக்கு பஸ் ஏறினாள்.

அனில்குமார் அவளைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். மரபறிவாளர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்பது மையத்தின் விதி. அவள் உட்காரும்வரை அவரும் உட்காரவில்லை. அவர் நிற்கும்போது உட்கார அவளுக்குக் கூச்சம். கொஞ்ச நேரம் இருவரும் நின்றார்கள். பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு மழை வந்துவிடுமே என்ற வெப்ராளத்தில் கிண்டலாகச் சொன்னது, தன் குடும்பத்தில் யாரும் ரப்பர் மரத்துக்குத் தொப்பி வைத்ததில்லை, அந்தத் தட்டையெல்லாம் எடுத்துவிட்டு ஸ்டோரைத் திறக்கச் சொல்லவேண்டும்.

அனில்குமார் புன்னகைத்தார். கிண்டல், விடுகதை, தாலாட்டு இவற்றின் வழியாகத்தான் மரபறிவு வெளிப்படும் என்றார். தன்னிடம் அறிவு இருப்பதை மறுப்பது உண்மையான மரபறிவாளரின் முதல் அடையாளம் என்றார். அவள் எவ்வளவு மறுக்கிறாளோ அவ்வளவு உறுதியாகிறது என்றும் சொன்னார்.

"பாருங்கள் அம்மா, மக்களிடம் இருக்கும் அறிவை மக்களிடமே கொண்டுசேர்ப்பதுதான் எங்கள் பணி. நடுவில் மக்கள் அதைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் சிரமம்."

மழை முந்தி வருகிறதே சாரே என்றாள் பூங்கனி. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. திட்டப்படி மழை ஜூன் நடுவில்தான். அதற்கு முன் பெய்வது பருவநிலை மாற்றத்தால் பெய்வது. அதைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. அடுத்த கட்ட நிதியில் பார்க்கலாம்.

அப்படியும் அவள் நகராமல் நின்றதால் ஒரு வழி சொன்னார். அவளுடைய முன்னோர்களுக்கு இந்த அறிவு இருக்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்கிவந்தால் மையம் பரிசீலிக்கும். கிராம அலுவலகத்தில் சாதிக்கும் வருமானத்துக்கும் வாரிசுக்கும் சான்றிதழ் கொடுப்பதாகவும், முன்னோருக்கு அறிவில்லை என்று கொடுக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், தன் முன்னோருக்கு வேண்டுமானால் கொடுங்கள், சொத்தையெல்லாம் விற்றுத் தின்றவர்கள் என்றார். பூங்கனி சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

வைகாசியில் வானம் பொத்துக்கொண்டது. தட்டுகளில் தண்ணீர் நின்று புழு நெளிந்தது. கயிறு அழுகிச் சில தட்டுகள் தொங்கின. வெட்டு நின்றது. ராஜகுமார் தினமும் காலையில் ஷெட்டில் நின்று நிரந்தரத் தொழிலாளிகளின் பேரை மட்டும் விளித்து, அவர்களைப் புல்வெட்ட அனுப்பினார். தற்காலிகக்காரர்கள் குடைக்குள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். முதல் வாரம் போனது. இரண்டாம் வாரமும் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் சுற்றுச்சூழல் தினம். மாதிரிப் பகுதிக்குக் கீழே விழா, தலைநகரத்திலிருந்து உயர் அதிகாரி ஒருவர் வருகிறார், பூங்கனிக்கு 'மரங்களின் தாய்' என்ற பட்டமும் பொன்னாடையும் என்று லிஜா வீட்டுக்கு வந்து சொன்னாள். வெட்டுக்குப் போகிற சட்டை வேண்டாம், பழைய காலத்துச் சேலை ஏதாவது இருந்தால் உடுத்தும்படி கேட்டுக்கொண்டாள். விழாவுக்கு வந்தால் அன்றைக்குப் பேர் விழுமா என்று பூங்கனி கேட்டாள். அது வேலையில் சேராது, பெருமையில் சேரும் என்றாள் லிஜா. சொல்லிவிட்டு அவளுக்கே என்னவோபோல் ஆகியிருக்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மழை விட்டது. சுள்ளென்று வெயில். விழா முடியும்வரை மாதிரிப் பகுதியில் வெட்டக்கூடாது என்று மையம் சொல்லியிருந்தது. விழாக்காலை பூங்கனி தன் பிளாக்குக்குப் போய் ஒரு மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்தாள். காய்ந்திருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் மழை, பிறகு வாரம் முழுக்க மழை. நாளைக் காலையும் பேர் விழவில்லையென்றால் இந்த வருடமும் அறுந்தது.

ராஜகுமாருக்கு அன்று பன்னீர் தெளிக்கும் பொறுப்பு. நாற்காலிகள் ஸ்டோருக்குள் கிடந்தன. அவற்றை எடுப்பதற்காக இரண்டு பூட்டையும் திறந்துபோட்டு, பெண்களைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பன்னீர்ச் செம்பைத் தேடிப் போனார்.

பெண்கள் உள்ளே இருப்பதையெல்லாம் தூக்கினார்கள். நாற்காலிகள் முன்வாசல் வழியாகப் பந்தலுக்குப் போயின. பிளாஸ்டிக் சுருளும் தார் டின்னும் பின்வாசல் வழியாகப் பிளாக்குக்கு ஏறிப் போயின. தாணம்மாள் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு, "தலை எதுன்னு எனக்கு இப்ப தெரியும்" என்றாள். ஒருத்தி தட்டை அறுத்தெறிந்தாள், ஒருத்தி பட்டையைச் சுரண்டினாள், ஒருத்தி தார் பூசினாள், பூங்கனி கொசுவம் வைத்து ஒட்டிக்கொண்டு போனாள். கீழே மைக்கில் இறைவணக்கம் கேட்டது. பிறகு வரவேற்புரை. பிறகு 'மரங்களின் தாயை மேடைக்கு அழைக்கிறோம்' என்று மூன்று தடவை கேட்டது. பூங்கனியின் கை நிற்கவில்லை. வரிசைகள் மிச்சமிருந்தன, வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

தாய் வராததால் பொன்னாடையை ஒரு மரத்துக்குப் போர்த்தினார்கள். மதியச் சாப்பாட்டில் தட்டு பற்றாமல் போனது. பந்தலுக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கிய தொப்பிகள் சிலவற்றைக் கழுவிச் சமாளித்ததாகச் சமையல்காரர் பிறகு சொன்னார். சாப்பிட்டு முடித்து விருந்தினரைப் பகுதியைப் பார்க்க அழைத்துவந்தார்கள். வளைவு திரும்பியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மரம் மரமாகக் கறுத்த பிளாஸ்டிக் பாவாடை. அடியில் தட்டுகள் கவிழ்ந்தும் மல்லாந்தும் கிடந்தன. முழங்கைவரை தாரோடு பெண்கள்.

ராஜகுமார் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார். லிஜா அனில்குமாரைப் பார்த்தாள். அனில்குமார் மூச்சுவிடும் நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

"இது இரண்டாம் கட்டம்" என்றார் விருந்தினரிடம். "மரபு தேங்கி நிற்பதில்லை. தொப்பியிலிருந்து பாவாடைக்கு நகர்ந்திருக்கிறது. இந்தப் பெண்கள் யாருடைய உதவியும் இல்லாமல் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் மையத்தின் வழிகாட்டலில்."

விருந்தினர் வியந்து ஒரு கொசுவத்தைத் தொடப் போனார்.

"தொடாண்டாம் சாரே" என்றாள் பூங்கனி. "காயல்ல. தள்ளி நில்லும், வெளிச்சம் மறையுது."

அவர் தள்ளி நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் தள்ளி நின்றார்கள். கடைசி வரிசையை முடித்தபோது காற்று வீசத் தொடங்கியிருந்தது. கார்கள் இறங்கிப் போவதைப் பெண்கள் பார்க்கவில்லை.

ராத்திரி முழுக்க அடித்தது. விடியுமுன் மழை சற்று வெறித்த நேரத்தில் ஷெட்டில் கூடினார்கள். ராஜகுமார் பேர்ப்பட்டியலோடு நின்றார். மையத்திலிருந்து ராத்திரியே போனில் சொல்லியிருக்கிறார்களாம்: இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டதால் மாதிரிப் பகுதி ஆய்வுக்குரிய இடம், அறிக்கை முடியும்வரை அதில் கத்தி வைக்கக்கூடாது. நிரந்தரக்காரர்களின் பேரை விளித்தார், பட்டியலை மூடினார்.

பூங்கனி கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பிளாக்குக்கு ஏறினாள். பின்னால் தாணம்மாளும் மற்றவர்களும் ஏறினார்கள். பாவாடைகளின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் பட்டை காய்ந்திருந்தது. கத்தி வைத்ததும் பால் எழுந்தது. பல நாள் ஓய்ந்து கிடந்த மரங்கள், நிற்காமல் வடித்தன.

வெளிச்சம் வந்ததும் வாளிகள் எடைபோடும் இடத்துக்கு வந்து வரிசையாக இறங்கின. ராஜகுமார் தராசுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார். எடுக்க முடியாது என்றார். உத்தரவில்லாத பால் என்றார். தன் வேலை போய்விடும் என்றும் சொன்னார். பூங்கனி வாளியைத் தராசுக்கு அருகில் தள்ளிவைத்துவிட்டு நின்றாள்.

வாளிப் பால் அதிக நேரம் காத்திருக்காது. மழைநாளில் இன்னும் சீக்கிரம் திரியும். திரிந்தால் கட்டியாகிவிடும், இத்தனை வாளிப் பால் எப்படிக் கட்டியானது என்று ஆலை கேட்கும். மையம் கேள்வி கேட்டால் அறிக்கை எழுதி அனுப்பலாம். ஆலைக்கு எழுத முடியாது. ராஜகுமார் வாளியை எட்டிப்பார்த்தார். ஓரத்தில் மெல்லிய ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. போனை எடுத்து மையத்துக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டயர் கடைக்கு மேலே அந்நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். விரலை விட்டுப் பாலைத் தொட்டுப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

குடையை மடக்கினார். வாளியைத் தராசில் ஏற்றினார்.

"பேரு எங்க எழுத? மரபறிவாளர்னு தனியா ஒரு பக்கம் தந்திருக்காவ."

"வெட்டுக்காரியளுக்க பக்கத்துல எழுதும்."

அவர் எழுதி முடிக்கும்வரை பூங்கனி பேனாவின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலி வாளியை எடுத்துக்கொண்டு, தாணம்மாளுக்கு இடம் விட்டு விலகினாள்.